தமனி விறைப்பும் வாரத்துக்கு ஐந்து நாள் நடையும்: புதிதாகத் தொடங்குவோருக்கு

பிரஷர் பார்த்த சீட்டில் 150/70 என்று எழுதியிருக்கிறது. அறுபதைத் தாண்டிய பலர் இதைப் பார்த்துவிட்டு, "மேலே கொஞ்சம் கூடுதல், கீழே நன்றாகத்தான் இருக்கிறது" என்று சீட்டை மடித்து வைத்துவிடுவார்கள். தமனியைப் பற்றித் தெரிந்தவரின் கண் போவது இரண்டுக்கும் நடுவே உள்ள 80 மீது. இந்த இடைவெளிக்கு நாடி அழுத்தம் என்று பெயர். இளம் வயதில் இது 40ஐ ஒட்டி இருக்கும். ஐம்பது, அறுபதுக்கு மேல் கீழ் அளவு தானாக இறங்கத் தொடங்கி, மேல் அளவு மட்டும் ஏறிக்கொண்டே போனால், இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி விறைத்து வருகிறது என்று பெரும்பாலும் பொருள். அந்த 70 நல்ல செய்தி என்று நினைத்துக்கொள்வதுதான் இதில் வழக்கமாக நடக்கும் முதல் தவறு.

முறையான உடற்பயிற்சி இந்த விறைப்பின் ஒரு பகுதியைத் தளர்த்தும், மீதிப் பகுதியின் வேகத்தைக் குறைக்கும். எந்தப் பகுதி எது என்று தெரிந்துகொண்டு தொடங்கினால் எதிர்பார்ப்பும் சரியாக இருக்கும், பயிற்சியும் சரியாக அமையும்.

விறைப்பது எது?

தமனியில் கொழுப்பு படிந்து அடைத்துக்கொள்வது ஒன்று, தமனிச் சுவரே நெகிழ்ச்சியை இழப்பது வேறொன்று. முதலாவது உள்பக்கத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திட்டுத்திட்டாக வரும். இரண்டாவது சுவரின் நடு அடுக்கில், குழாயின் நீளத்துக்கும் பரவி வரும். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருக்கலாம். கொலஸ்ட்ரால் அளவு ஒழுங்காக இருப்பவரிடம் இரண்டாவது மட்டும் இருப்பதும் உண்டு. இங்கே பேசப்போவது இரண்டாவதைப் பற்றி.

இதயம் ஒரு துடிப்பில் சுமார் 70 மில்லி இரத்தத்தைப் பெருந்தமனிக்குள் தள்ளுகிறது. இளமையான பெருந்தமனி அந்தத் தள்ளலுக்கு ஏறக்குறைய 10 விழுக்காடு விரிந்துகொடுத்து, வந்த இரத்தத்தில் கணிசமான பங்கைத் தன்னிடமே பிடித்து வைக்கிறது. இதயம் அடுத்த துடிப்புக்குத் தயாராகும் இடைவேளையில் மெல்லச் சுருங்கி, பிடித்து வைத்ததை முன்னே அனுப்புகிறது. இரண்டு துடிப்புக்கு நடுவில் அழுத்தம் சடாரென்று விழாமல் தாங்கிப் பிடிப்பது இந்தச் சுருக்கம்தான். சுவர் விறைத்துப்போனால் விரிய இடமில்லாததால் மேல் அளவு எகிறுகிறது. பிடித்து வைத்தது குறைவு என்பதால் கீழ் அளவு சரிகிறது. 150/70 பிறப்பது இப்படித்தான்.

விரிந்து சுருங்கும் இந்த வேலையைச் செய்வது எலாஸ்டின் என்ற புரத இழை. இதில் பெரும்பகுதி கருவிலும் குழந்தைப் பருவத்திலும் உருவாகிவிடுகிறது. அதன் பிறகு உருப்படியாகப் புதிது வருவதில்லை. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் நாளொன்றுக்கு 1,00,800 முறை, ஆண்டுக்கு 3 கோடியே 67 லட்சம் முறைக்கு மேல் அது இழுபடுகிறது. கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒரு நாள் இற்றுப்போவது போல அந்த இழைகளும் இற்று உடைகின்றன. உடைந்த இடத்தில் பாரம் கொலாஜன் என்ற இன்னொரு புரத இழையின் மேல் விழுகிறது. கொலாஜன் உறுதியானது, ஆனால் நீளாது. போதாததற்கு இரத்தத்தில் உள்ள சர்க்கரை கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது, சுண்ணாம்புச் சத்தும் படிகிறது. நீரிழிவு உள்ளவர்களுக்குத் தமனி சீக்கிரம் மூப்படைவதற்கு இந்தப் பிணைப்பு ஒரு முக்கியக் காரணம்.

விறைத்த குழாயில் துடிப்பின் அலை வேகமாக ஓடும். ஓடிப் போய்க் கிளைகளில் மோதி, இதயம் இன்னும் இரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும்போதே திரும்பி வந்து எதிரே நிற்கும். இடது கீழறைக்கு வேலை கூடுகிறது. இதயத் தசைக்கு இரத்தம் பெரும்பாலும் கிடைப்பது ஓய்வு இடைவேளையில்தான், அந்த நேரத்து அழுத்தமும் குறைந்திருக்கிறது. தணிந்து போகவேண்டிய துடிப்பின் அதிர்ச்சி மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் நுண்ணிய குழாய்கள் வரை நேராக இறங்குகிறது.

பயிற்சி தொடுவது எது, தொடாதது எது?

உடைந்த எலாஸ்டினை எந்தப் பயிற்சியும் ஒட்டவைக்காது. இதை முதலிலேயே ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஆனால் தமனிச் சுவரில் தசையும் இருக்கிறது. அது எந்நேரமும் ஓரளவு இறுகியே இருக்கிறது. நடக்கும்போது இரத்த ஓட்டம் கூடி, உள்சுவரை உரசிக்கொண்டு போகிறது. அந்த உரசலை உணரும் உள்சுவர் செல்கள் நைட்ரிக் ஆக்சைடு என்ற பொருளைச் சுரக்க, தசை தளர்கிறது. வாரக்கணக்கில் இது தொடர்ந்தால் அந்தச் செல்களின் சுரக்கும் திறனே கூடுகிறது. உடலைப் பரபரப்பில் வைத்திருக்கும் நரம்புகளின் தூண்டலும் அடங்குகிறது. சில மாதங்களில் கிடைக்கும் பலன் பெரும்பாலும் இந்தத் தளர்ச்சியிலிருந்து வருவது. கொலாஜன் பிணைப்புகள் சேரும் வேகம் குறைவது போன்ற மாற்றங்களுக்கு ஆண்டுகள் பிடிக்கும்.

ஒரு சின்னக் கணக்கு. ஓய்வு நேர நாடி 75இல் இருந்து 65க்கு இறங்கினால் நாளுக்கு 14,400 துடிப்பு மிச்சம். 45 நிமிடம் 120 துடிப்பில் நடந்தால் கூடுதலாகச் செலவாவது ஏறக்குறைய 2,500. தமனி இழுபடும் எண்ணிக்கை என்று பார்த்தால் நடப்பவருக்கு இலாபம்தான்.

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், உட்கார்ந்தே பழகிய நடுவயது ஆண்களும் முதிய ஆண்களும் மூன்று மாதம் போல, பெரும்பாலும் நடை மட்டும் பழகினார்கள். கழுத்துத் தமனியின் நெகிழ்ச்சி ஏறக்குறைய 25 விழுக்காடு கூடியது. நீச்சலில் 12 வாரத்தில் இதே மாதிரிப் பலன் வந்ததை 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. 2020இல் வெளியான இலண்டன் மராத்தான் ஆய்வு, முதன்முதலாக மராத்தானுக்குத் தயாரான 138 பேரின் பெருந்தமனியைப் பயிற்சிக்கு முன்னும் பந்தயம் முடிந்த பிறகும் அளந்தது. தமனியின் வயது ஏறக்குறைய 4 ஆண்டு குறைந்ததற்குச் சமமான மாற்றம் தெரிந்தது. அதிகம் பயனடைந்தவர்கள் வயதில் மூத்த, மெதுவாக ஓடிய ஆண்கள். வேகமாக ஓடுபவரைப் பார்த்து ஏங்கத் தேவையில்லை.

புதிதாகத் தொடங்குபவர் மனதில் பதிக்கவேண்டியது 2018இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகர ஆய்வுக் குழு வெளியிட்ட முடிவு. அறுபது வயதைத் தாண்டிய 102 பேரை, கடந்த 25 ஆண்டுகளாக வாரத்துக்கு எத்தனை நாள் பயிற்சி செய்தார்கள் என்று பிரித்துப் பார்த்தார்கள். வாரம் 2, 3 நாள் செய்தவர்களுக்குக் கழுத்துத் தமனி போன்ற நடுத்தரக் குழாய்கள் இளமையாக இருந்தன. பெருந்தமனியும் சேர்ந்து இளமையாக இருந்தது 4, 5 நாள் செய்தவர்களிடம்தான். இந்தக் கட்டுரை ஐந்து நாளைப் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுவே.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடவேண்டும். மேல் அளவு மட்டும் உயர்ந்திருந்த முதியோரிடம் 8 வாரம் மிதமான சைக்கிள் பயிற்சி கொடுத்துப் பார்த்த 2001ஆம் ஆண்டு ஆய்வில் பெருந்தமனி அசையவே இல்லை. விறைப்பு முற்றிய பிறகு இரண்டு மாதம் போதாது. நாற்பதுகளில் தொடங்குகிறவருக்கும் எழுபதில் தொடங்குகிறவருக்கும் கிடைப்பது ஒன்றல்ல. எழுபதில் தொடங்குபவருக்கு அழுத்தம், சர்க்கரை, கால் வலு, தூக்கம் என்று வேறு கணக்கில் பலன் வரும். தமனியில் மட்டும் அதிசயம் எதிர்பார்க்கவேண்டாம்.

நடைக்கு முந்தைய வாரம்: அளப்பது மட்டும்

நடக்கத் தொடங்குமுன் ஏழு நாள் உங்கள் அழுத்தத்தைக் குறித்து வையுங்கள். மேல்கையில் கட்டும் தானியங்கிக் கருவி வேண்டும். மணிக்கட்டுக் கருவி கையின் உயரத்துக்கேற்ப அளவை மாற்றிக் காட்டும். பட்டை கைக்குப் பொருந்தவேண்டும். பருத்த கையில் சின்னப் பட்டையைக் கட்டினால் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும்.

அளப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, புகை, பயிற்சி எதுவும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். முதுகு சாய்ந்து, இரு பாதமும் தரையில் படிய, கால்மேல் கால் போடாமல், பட்டை இதய உயரத்தில் இருக்கும்படி கையை மேசையில் வைத்து 5 நிமிடம் சும்மா உட்காருங்கள். பேசக்கூடாது, பேச்சே சில புள்ளிகளை ஏற்றிவிடும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து இரண்டையும் எழுதுங்கள். காலையில் மாத்திரைக்கு முன் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. முதல் நாள் எண்களைத் தள்ளிவிட்டு மற்ற ஆறு நாளுக்குச் சராசரி எடுங்கள். மேல் அளவில் கீழ் அளவைக் கழித்தால் நாடி அழுத்தம். 60க்கு மேல் நின்றால் மருத்துவரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள். காலையில் படுக்கையை விட்டு எழுமுன் ஒரு முழு நிமிடம் எண்ணிய நாடியையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

விறைப்பை நேராக அளக்கும் சோதனையும் இருக்கிறது. கழுத்தில் ஓர் உணர்கருவி, தொடை இடுக்கில் ஓர் உணர்கருவி வைத்து, துடிப்பின் அலை ஓரிடத்திலிருந்து மற்றதற்குப் போக எடுக்கும் நேரத்தைப் பார்ப்பார்கள். இரண்டு இடத்துக்கும் நேர்த்தூரம் 60 சென்டிமீட்டர் என்றால் அதில் 80 விழுக்காட்டை, அதாவது 48 சென்டிமீட்டரை எடுத்துக்கொள்வார்கள். அலைக்கு 0.06 விநாடி ஆனால் வேகம் விநாடிக்கு 8 மீட்டர். 10 மீட்டருக்கு மேல் போனால் விறைப்பு கவலைக்குரியது என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் எல்லை. சோதனை நேரத்தில் பிரஷர் ஏறியிருந்தால் இந்த வேகமும் ஏறிக் காட்டும், எனவே இரண்டு எண்ணையும் சேர்த்தே வாங்கி வையுங்கள். இந்தச் சோதனை எல்லா இடத்திலும் கிடைக்காது, தொடங்குவதற்கு அவசியமும் இல்லை. கைக்கடிகாரம் காட்டும் ‘இரத்தக்குழாய் வயது’ வெளியே தெரியும் சில குறிகளிலிருந்து ஊகித்துச் சொல்வது. அதை வைத்து மகிழவும் வேண்டாம், கலங்கவும் வேண்டாம்.

ஓய்வில் மேல் அளவு 180ஐயோ கீழ் அளவு 110ஐயோ தொட்டால் பயிற்சியைத் தள்ளிப்போட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள். மார்பு வலி, மாடி ஏறும்போது புதிதாக வந்த மூச்சிரைப்பு, மயக்கம், நடந்தால் கெண்டைக்காலில் பிடித்து நின்றால் விடும் வலி ஆகியவற்றில் ஏதாவது இருந்தாலும் அப்படியே. இதய நோயோ நீரிழிவோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் கேட்டுக்கொண்டே தொடங்கவேண்டும்.

உங்கள் வேகத்தைக் கண்டுபிடிப்பது

208இல் இருந்து வயதின் 0.7 மடங்கைக் கழித்தால் உச்ச நாடித்துடிப்பு தோராயமாகக் கிடைக்கும். 55 வயதுக்கு 208 - 38.5, அதாவது 170 என்று வைத்துக்கொள்ளலாம். அதில் 60 விழுக்காடு 102, 70 விழுக்காடு 119, 75 விழுக்காடு ஏறக்குறைய 127. முதல் மாதம் 102ஐ ஒட்டி, பிறகு 119க்கும் 127க்கும் நடுவில்.

இது சராசரிக் கணக்கு. ஒரே வயதுள்ள இருவருக்கு உச்சத் துடிப்பு பத்து, பன்னிரண்டு வித்தியாசப்படுவது சாதாரணம். அதனால் வாயையும் சாட்சிக்கு வையுங்கள். நடந்துகொண்டே முழு வாக்கியம் பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. பாட்டு வந்தால் வேகம் போதாது. இரண்டு சொல்லுக்கு ஒரு முறை மூச்சு வாங்கினால் அதிகம். பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நாடி வழக்கம் போல ஏறாது, 102 வரட்டும் என்று விரட்டிப் போனால் மூச்சு முட்டும். அவர்களுக்குப் பேச்சுச் சோதனை மட்டும்தான் அளவுகோல்.

பதின்மூன்று வாரம்

1 முதல் 4ஆம் வாரம் வரை: வாரத்தில் 3, 4 நாள், நாளுக்கு 25 முதல் 30 நிமிடம், 60 விழுக்காட்டு வேகத்தில். அரை மணி முடிந்த பிறகு "இன்னும் கொஞ்சம் போகலாமே" என்று தோன்றவேண்டும். தோன்றினாலும் போகாதீர்கள். இந்தக் கட்டத்தில் நெஞ்சு தாங்கும். முழங்காலும் குதிகாலும்தான் தாங்காது. தசையும் மூச்சும் சில வாரத்தில் பழகிவிடும், தசைநாருக்கு அதைவிட அதிக காலம் வேண்டும். மூன்றாம் வாரத்தில் உற்சாகம் மிகுந்து ஒரே நாளில் ஒன்றரை மணி நேரம் நடந்து, குதிகால் வலியோடு ஒரு மாதம் உட்கார்ந்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் விபத்து.

5 முதல் 8ஆம் வாரம் வரை: முதலில் நாளைக் கூட்டுங்கள், பிறகு நிமிடத்தை, கடைசியாக வேகத்தை. இந்த வரிசையை மாற்றவேண்டாம். வாரம் 4, 5 நாள் என்று ஆன பிறகு நாளுக்கு 35 நிமிடம், அதற்கப்புறம் 70 விழுக்காட்டு வேகம்.

9 முதல் 13ஆம் வாரம் வரை: 5 நாள், 40 முதல் 45 நிமிடம், 70 முதல் 75 விழுக்காடு. மொத்தம் வாரத்துக்கு 200 நிமிடத்துக்கு மேல் வரும். உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன 150 முதல் 300 நிமிடம் என்ற வரம்புக்குள் இது அடங்குகிறது.

ஒவ்வொரு நாளும் முதல் 5 முதல் 10 நிமிடம் மெதுவாக, கடைசி 5 முதல் 10 நிமிடம் மெதுவாக. கடைசியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். வேக நடையில் கால்தசை இரத்தத்தைப் பிழிந்து மேலே அனுப்பிக்கொண்டிருக்கிறது. சட்டென்று நின்றால் குழாய்கள் விரிந்தே இருக்க, இரத்தம் காலில் தேங்கி, அழுத்தம் விழுந்து தலை சுற்றும். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது இன்னும் எளிதில் வரும்.

நடைக்குப் பதில் சைக்கிள், நீச்சல், படகுத்துடுப்பு இயந்திரம் எதுவானாலும் சரி. பெரிய தசைகள் தாளத்தோடு, நிற்காமல் அசையவேண்டும், அவ்வளவுதான். மூட்டு வலி உள்ளவர்களுக்கு நீர் நல்ல இடம்.

பதின்மூன்று வாரம் தாண்டி, உடம்பு ஒத்துழைத்தால், ஐந்தில் ஒரு நாளை வேக நாளாக மாற்றலாம். 10 நிமிடம் வார்ம் அப்; பிறகு 4 நிமிடம் உச்சத் துடிப்பின் 85 விழுக்காட்டுக்கு மேல், 3 நிமிடம் மெதுவாக. இப்படி நான்கு சுற்று. முதல் சுற்றிலேயே முழு வேகத்தையும் கொட்டிவிடாதீர்கள். நான்காவது சுற்றும் முதல் சுற்றின் வேகத்திலேயே முடியவேண்டும். இதய நோய் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்தப் பக்கமே வரவேண்டாம்.

எடை தூக்குவது: இங்கேதான் சிக்கல்

தசைவலுப் பயிற்சி வாரம் இரண்டு நாள் வேண்டும், அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் எப்படித் தூக்குகிறீர்கள் என்பதைப் பொறுத்துத் தமனி அதை வரவேற்கும், இல்லையேல் முறைத்துக்கொள்ளும். 2004இல் வெளிவந்த ஜப்பானிய ஆய்வு ஒன்றில், நான்கு மாதம் கடுமையான எடைப்பயிற்சி மட்டும் செய்த இளைஞர்களின் கழுத்துத் தமனி நெகிழ்ச்சி ஏறக்குறைய 19 விழுக்காடு குறைந்தது. பயிற்சியை நிறுத்திய பின் பழைய நிலைக்குத் திரும்பியது.

காரணத்தைப் பார்க்க, மூச்சை அடக்கிக்கொண்டு கனமான எடையைத் தூக்கும் ஒருவரைக் கவனியுங்கள். முகம் சிவக்கிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, தூக்கிய பின் "ஹா" என்று மூச்சு வெடித்து வருகிறது. அந்தச் சில விநாடிகளில் மார்புக்குள் அழுத்தம் ஏறி, இறுகிய தசை குழாய்களை நசுக்கி, இரத்த அழுத்தம் எங்கோ போகிறது. 1985இல் உடல்கட்டுப் பயிற்சியாளர்களின் தமனிக்குள்ளேயே கருவி வைத்து அளந்தபோது, இரு காலாலும் கனத்த எடையைத் தள்ளும்போது சராசரியாக 320/250 பதிவானது. விறைத்த பெருந்தமனி உள்ளவருக்கு இது வேண்டாத வம்பு.

எனவே:

இடையில் நிறுத்தாமல் 20 முறை தூக்க முடிகிற எடையை எடுங்கள், 12 முதல் 15இல் நிறுத்துங்கள். கடைசி முறையிலும் முகம் கோணக்கூடாது. எடை மேலே போகும்போது மூச்சு வெளியே, கீழே இறங்கும்போது உள்ளே. வாய்விட்டு "ஒன்று, இரண்டு" என்று எண்ணிக்கொண்டே தூக்கினால் மூச்சை அடக்கவே முடியாது, எளிய தந்திரம்.

காலுக்கு முதலிடம். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, படி ஏறுவது, குதிகாலைத் தூக்குவது, இடுப்பை உயர்த்துவது. கையை மட்டும் கனமாகப் பயிற்றுவது தமனியை இறுக்கியதாகவும், கால் பயிற்சியில் அந்தச் சிக்கல் வரவில்லை என்றும் சோதனைகளில் தெரிந்தது. தலைக்கு மேலே தூக்குவதைக் கடைசியாகச் சேர்த்தால் போதும்.

எடையும் நடையும் ஒரே நாளில் என்றால் எடை முதலில், நடை பிறகு. 2007இல் வெளிவந்த ஆய்வு இரண்டு வரிசையையும் ஒப்பிட்டது. எடைக்குப் பின் ஓடியவர்களுக்கு விறைப்பு வரவில்லை. முதலில் ஓடி, பிறகு எடை தூக்கியவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. ஜிம்மில் பெரும்பாலோர் ட்ரெட்மில்லில் வேர்த்துவிட்டு எடைப்பக்கம் போகிறார்கள். ஐந்து நிமிட வார்ம் அப் மட்டும் முன்னால் வைத்துக்கொண்டு, மற்ற நடையைப் பின்னால் தள்ளுவதற்குச் செலவு எதுவும் இல்லை.

சுவரில் முதுகு சாய்த்து, நாற்காலி இல்லாமலே உட்கார்ந்தது போல நிற்கும் பயிற்சியும் பிரஷரைக் குறைக்க நன்றாக உதவுகிறது. 2 நிமிடம் நின்று 2 நிமிடம் ஓய்வு, நான்கு தடவை, வாரம் மூன்று நாள். தொடக்கத்தில் முழங்காலை அதிகம் மடக்காமல் மேலேயே நிற்கலாம். இதிலும் மூச்சை அடக்கக்கூடாது. பிரஷர் கட்டுக்குள் வராதவர்கள் இதைத் தள்ளிவைக்கவேண்டும்.

மீதி 23 மணி நேரம்

மூன்று மணி நேரம் தொடர்ந்து உட்கார்ந்தால், மடங்கிய முழங்காலுக்குப் பின்னால் ஓடும் தமனியின் விரியும் திறன் குறைந்துபோகிறது. இரத்தம் ஊர்ந்து போவதால் உள்சுவருக்கு உரசல் கிடைப்பதில்லை. 2016இல் வெளியான ஓர் ஆய்வில், உட்கார்ந்தவர்கள் ஒரு காலை மட்டும் 1 நிமிடம் ஆட்டி 4 நிமிடம் சும்மா வைத்து, இப்படியே மூன்று மணி நேரம் செய்தார்கள். ஆட்டிய காலில் குழாய் நன்றாகவே இருந்தது, ஆட்டாத காலில் கெட்டது. சின்ன வயதில் காலை ஆட்டியதற்குத் திட்டு வாங்கியவர்கள் இதைப் படித்துச் சிரித்துக்கொள்ளலாம். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க முடிந்தால் அதுவே மேல்.

தசைகளை நீட்டும் பயிற்சிக்கும் இதில் ஓர் இடம் உண்டு. உட்கார்ந்து கால்விரலைத் தொட முடியாத நடுவயதினருக்கும் முதியோருக்கும் தமனி விறைப்பு கூடுதலாக இருப்பதை 2009இல் கண்டார்கள். 12 வாரம் கால்தசைகளை நீட்டிப் பழகியவர்களிடம் விறைப்பு குறைந்ததாக 2020இல் ஒரு சோதனை சொல்கிறது. நடை முடிந்த பிறகு கெண்டைக்கால், பின்தொடை, முன்தொடை என்று ஒவ்வொன்றையும் 45 விநாடி நீட்டினால் போதும். நடைக்குப் பதிலாக இதை எடுத்துக்கொள்ளவேண்டாம்.

புகை ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தால் பயிற்சி ஒரு பக்கம் ஓடி என்ன பயன்? உப்பும் அப்படித்தான். பிரஷர் கூடிய நடுவயதினரும் முதியோரும் உப்பைக் குறைத்தபோது, சில வாரங்களிலேயே பெருந்தமனிகள் தளர்ந்ததை அளந்து பார்த்திருக்கிறார்கள். மாதக்கணக்கில் நடந்து கிடைப்பதை உப்பில் விட்டுவிடாதீர்கள்.

பலன் தெரியவில்லை என்றால்

மூன்று மாதம் ஆகியும் தாளில் எண் நகரவில்லை என்பவர்களிடம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று இருக்கும்.

ஐந்து நாள் நடையை இரண்டே நாளில், சனி ஞாயிறில் திணித்திருப்பார்கள். நிமிடக் கணக்கு சரியாக வரும். ஆனால் ஒரு நடையின் தளர்ச்சி சில மணி நேரத்தில் கரையத் தொடங்கி, ஒரு நாளுக்குள் முழுதும் கரைந்துவிடுவது. அடுத்த நடை அது கரையுமுன் வரவேண்டும்.

அல்லது, முதல் மாத வேகத்திலேயே ஓராண்டாக நடந்துகொண்டிருப்பார்கள். உடம்பு பழகிய பிறகு அதே வேகத்தில் நாடி 102க்குக்கூட ஏறாது. பாட்டுச் சோதனையை மாதம் ஒருமுறை மறுபடி செய்யுங்கள்.

அல்லது, அளப்பதில் தவறு. நடந்து முடித்த பிறகு பல மணி நேரம் பிரஷர் இயல்பாகவே குறைந்திருக்கும். நடைக்குப் பின் அளந்து "110 ஆகிவிட்டது" என்று மாத்திரையைத் தாமாகவே நிறுத்துபவர்கள் உண்டு. ஆபத்தான வேலை. ஒப்பிடவேண்டியது நடக்கத் தொடங்குமுன் அளந்த அதே நேரம், அதே கை, அதே நாற்காலி. உண்மையிலேயே அழுத்தம் இறங்கி, எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறதென்றால் தாளோடு மருத்துவரிடம் போங்கள், மருந்தின் அளவை அவர் மாற்றுவார்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நடையால் கழுத்துத் தமனி தளர்வது உண்மை. ஆனால் ஈஸ்ட்ரோஜன் குறைந்த நிலையில் உள்சுவரின் விரியும் திறன் ஆண்களைப் போல எளிதில் முன்னேறுவதில்லை. எண் மெதுவாக நகர்ந்தால் உழைப்பில் குறை என்று நினைக்கவேண்டாம்.

14ஆம் வாரத்தில் ஏழு நாள் அளவை மறுபடி எடுங்கள். மேல் அளவில் நான்கைந்து புள்ளி இறக்கமும் ஓய்வு நாடியில் ஐந்து துடிப்பு இறக்கமும் கிடைத்தாலே பயிற்சி வேலை செய்கிறது. அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும்.

காய்ச்சலோ பயணமோ வந்து விட்டுப்போனால்: ஒரு வாரம்வரை என்றால் விட்ட இடத்திலேயே தொடரலாம். இரண்டு, மூன்று வாரம் என்றால் நாளை அப்படியே வைத்துக்கொண்டு நிமிடத்தைப் பாதியாக்கி, ஒரு வாரத்துக்குப் பின் ஏற்றுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் போய்விட்டால் தளர்ந்த தமனி பெரும்பாலும் பழையபடி இறுகியிருக்கும், முதல் வார அட்டவணைக்கே திரும்பவேண்டும். காய்ச்சல் விட்டு முழுதாக ஒரு நாளாவது ஆன பிறகு, ஓய்வு நாடி வழக்கமான எண்ணுக்கு வந்திருக்கிறதா என்று காலையில் எண்ணிப் பாருங்கள். இன்னும் எட்டு, பத்து கூடுதலாக இருந்தால் அன்றைக்குச் செருப்பை மாட்டவேண்டாம்.